கல்லீரலும் வழிமாறும் குருதியும்

நம் உடம்பிலுள்ள பெரிய உறுப்புக்களுள் கல்லீரலைப்போல் வாய்பேசாத உறுப்பு வேறொன்று இல்லை. பல் வலித்தால் தெரு அறியும். வயிறு கெட்டால் வீடு அறியும். கல்லீரலோ தன்னிற் பெரும்பகுதி பழுதான பின்னும் வாய்திறவாமல் தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும். பல ஆண்டுகள் கழித்து அது அனுப்புகிற முதற்செய்தி சிலருக்குக் குருதியாக வருகின்றது. அக்குருதி வாய்வழியே வருமாயின், கண்டவர் அஞ்சி உடனே மருத்துவமனைக்கு விரைவர். ஆனால் அது எதிர்பாராத வேறு இடங்களில் வெளிப்படுவதும் உண்டு. வெளியே தோன்றாமல் வயிற்றுக்குள்ளேயே தேங்கிவிடுவதும் உண்டு. கல்லீரல் விடுத்த செய்தி அது என்று உணராமல், வேறு ஏதோ நோய்க்கு மருந்துண்டு காலத்தை இழப்பவர் பலர். அத்தகைய குருதிப்போக்குகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். நான் மருத்துவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் உடலியற் பாடம் நடத்தியவன். ஆதலால் பாடத்தின் முதற்பகுதியிலிருந்தே தொடங்குகின்றேன்.

கல்லீரல் வலப்புற விலா எலும்புகளுக்கு உட்புறம் அமைந்தது. வளர்ந்தவர் உடம்பில் அதன் நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குருதி அதனுள் பாய்கின்றது. பிற உறுப்புக்களுக்குத் தமனி வழியாகவே குருதி வரும். சிரை வழியாக அது திரும்பும். கல்லீரலுக்கோ குருதியைக் கொணர்பவை இரண்டு குழாய்கள். தமனி கொணர்வது கால்பங்கு. எஞ்சிய முக்கால்பங்கைக் கொணர்வது ஒரு சிரை. இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் குருதியெல்லாம் ஒன்றுகூடிக் கணையத்தின் பின்புறம் ஒரு பெருஞ்சிரையாகிக் கல்லீரலின் வாயிலுள் நுழைகின்றது. இலத்தீன் மொழியில் வாயிலைக் குறிக்கும் சொல்லையொட்டி மருத்துவர் இதனைப் போர்ட்டல் சிரை என்பர். நாம் வாயிற்சிரை எனலாம். குடல் உறிஞ்சிய உணவுச்சத்தும், அதனோடு கலந்து வந்த நச்சுப் பொருள்களும் முதலில் கல்லீரலுக்குச் செல்லவேண்டும். அங்கே தூய்மை செய்யப்பட்ட பின்னரே இதயத்தை அடையவேண்டும். இதுவே இயற்கை வகுத்த முறை.

இச்சிரையில் அழுத்தம் மிகக் குறைவு. கையில் பட்டை கட்டி நாம் அளக்கும் இரத்த அழுத்தம் தமனியினுடையது. அது 120 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். வாயிற்சிரைக்கும், கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடோ 5 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஆகவே கையில் அளக்கும் அழுத்தம் செம்மையாக இருக்கின்றது என்பதைக்கொண்டு வாயிற்சிரையின் நிலையை அறிய இயலாது.

நாட்பட்ட நோயால் கல்லீரல் புண்பட்டுப் புண்பட்டு ஆறும்போது, மென்மையான தசையிருந்த இடத்தில் தழும்பு நார் படிகின்றது. சுரசுரப்பான முடிச்சுக்கள் தோன்றுகின்றன. இதனையே சிரோசிஸ் என்கின்றனர். மது இதற்கு ஒரு காரணம். எனினும் மது ஒன்றே காரணம் என்பது நம்மவரிடையே வேரூன்றிய தவறான எண்ணம். பி வகை, சி வகை ஆகிய கல்லீரல் வைரசுகள், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்துவரும் கொழுப்புப் படிவு, பித்தக்குழாய் நோய்கள், பிறவியிலேயே அமைந்த சில குறைகள் ஆகியவையும் கல்லீரலை இறுகச் செய்யும். ஒரு சொட்டு மதுவும் அருந்தாதவருக்கும் இந்நோய் வரும்.

இறுகிய கல்லீரலுள் குருதி எளிதிற் புகமுடிவதில்லை. பின்னே நிகழ்வதை ஆற்றுப்பாசனம் அறிந்த எவரும் ஊகிக்கலாம். தலைமதகு அடைபட்டால் வாய்க்காலில் நீர் எதிர்த்தேறும். கரையில் எங்கே தாழ்வான இடம் உண்டோ, எங்கே தூர்ந்துபோன பழங்கால் உண்டோ, அங்கெல்லாம் நீர் வழிதேடும். வாயிற்சிரையின் ஆட்சிக்குட்பட்ட நாளங்களும், நேரே இதயத்துக்குச் செல்லும் நாளங்களும் எல்லைகளில் மெல்லிய கிளைகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. உணவுக்குழலின் அடிப்பகுதி அத்தகைய எல்லைகளில் ஒன்று. மலக்குடலின் கடைப்பகுதி மற்றொன்று. கொப்பூழைச் சுற்றிய பகுதி இன்னொன்று. நல்ல உடம்பில் கண்ணுக்குத் தோன்றாத இக்கிளைகள், அழுத்தம் மிகும்போது பருத்து, நெளிந்து, சுவர் மெலிந்து புடைசிரைகள் ஆகின்றன.

கொப்பூழின் வரலாறு சுவையானது. கருவிலிருந்தபோது தாயின் நஞ்சுக்கொடியிலிருந்து குருதி வந்த வழி அது. பிறந்தபின் அவ்வழி மூடிக்கொண்டு ஒரு நாராகிவிடுகின்றது. கல்லீரல் இறுகியபின் அந்நாரை ஒட்டிய சிரைகள் மீண்டும் திறந்துகொண்டு, கொப்பூழிலிருந்து நாற்புறமும் நீலநிறத்தில் பரவி நிற்பதைச் சிலர் வயிற்றிற் காணலாம். கிரேக்கப் புராணத்தில் தலைமயிரெல்லாம் பாம்புகளாய் நின்ற மெடூசாவின் பெயரை மருத்துவர் இத்தோற்றத்துக்கு இட்டனர். சிலரிடம் அவ்விடத்தில் காதுவைத்துக் கேட்டால் குருதியோடும் இரைச்சலும் கேட்குமாம்.

அழுத்த வேறுபாடு 10 மில்லிமீட்டரை எட்டும்போது புடைசிரைகள் தோன்றத் தொடங்கும். 12ஐத் தாண்டும்போது அவை வெடிக்கும் அச்சம் உண்டு. பெரும்பாலும் வெடிப்பவை உணவுக்குழலிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ளவை. வலி ஏதுமின்றித் திடீரெனக் குருதி வாந்தியாகும். அல்லது குடலிற் செரித்து, தார்போன்ற கறுத்த மலமாக வெளியேறும். இரும்புச்சத்து மாத்திரை உண்பவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் குருதி கலந்த மலம் தார்போலப் பிசுபிசுத்துத் தீநாற்றம் வீசும்.

இந்நோயின் முழு உருவத்தையும் வரலாற்றில் காண விரும்புவோர் இசைமேதை பீத்தோவனின் இறுதி ஆண்டுகளைப் பார்க்கலாம். செவிப்புலனை இழந்த துன்பத்தை உலகம் அறியும். கல்லீரல் அவருக்கு இழைத்த துன்பத்தை அறிந்தவர் குறைவு. 1825ஆம் ஆண்டு தம் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் குருதி உமிழ்வதையும், மூக்கிலிருந்து அடிக்கடி குருதி வழிவதையும் அவர் குறிப்பிட்டிருக்கின்றார். 1826 டிசம்பர் முதல் 1827 பிப்ரவரி வரை நான்குமுறை அவர் வயிற்றிலிருந்து நீர் எடுக்கப்பட்டது. நம் முன்னோர் மகோதரம் என்ற நிலை அது. 1827 மார்ச்சு 26ஆம் நாள் வியன்னாவில் அவர் மறைந்தார். உடலை அறுத்துச் சோதித்த மருத்துவர், கல்லீரல் பாதியளவாகச் சுருங்கித் தோல்போல் இறுகியிருந்ததையும், அதன்மேல் அவரை விதை அளவிற்கு முடிச்சுக்கள் நிறைந்திருந்ததையும், மண்ணீரல் இரண்டு மடங்கினும் மிகுதியாகப் பெருத்துக் கறுத்திருந்ததையும் எழுதிவைத்தார். மண்ணீரல் பெருத்திருந்தது என்ற அந்த ஒரு குறிப்பே, வாயிற்சிரையில் அழுத்தம் மிகுந்திருந்ததற்குச் சான்று. 2023இல் அவர் தலைமயிரை ஆராய்ந்தபோது பி வகை வைரசின் தடயமும், கல்லீரல் நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறுகளும் காணப்பட்டன. தம் நோயை இறந்தபின் உலகுக்கு விளக்கவேண்டும் என்று 1802இலேயே அவர் எழுதிவைத்திருந்தார். விளக்கம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் வந்துகொண்டிருக்கின்றது.

இனி, வழக்கமல்லாத இடங்களுக்கு வருவோம். புடைசிரை வெடித்து நிகழும் குருதிப்போக்குகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை உணவுக்குழலுக்கும் இரைப்பைக்கும் அப்பாற்பட்ட இடங்களில் நிகழ்கின்றன. எண்ணிக்கை சிறிது, ஆனால் ஏமாற்றுவது பெரிது.

இவற்றுள் நம் நாட்டில் மிகுதியாக ஏமாற்றுவது மலக்குடல் என்பது என் எண்ணம். மூலநோய் நமக்கு மிகவும் பழகிய நோய். எனவே மலவாய் வழியே சிவந்த குருதி கண்டால் மூலம் என்று நாமே முடிவு கட்டிவிடுகின்றோம். என்னுடன் பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவர் அவ்வாறே முடிவு கட்டினார். நீரிழிவு உடையவர், உடல் சற்றுப் பருத்தவர், புகையும் மதுவும் அறியாதவர். சொல்லக் கூசும் இடத்து நோயாதலால் மனைவியிடமும் சொல்லாமல், துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமாகப் பத்தியம் காத்து ஓராண்டைக் கழித்தார். முகம் வெளிறிப்போயிற்று. கரும்பலகையருகே அரைமணி நேரம் நிற்கவும் இளைத்தது. இறுதியில் மூலத்தை அறுத்து நீக்கிவிடலாம் என்று ஓர் அறுவை மருத்துவரிடம் சென்றார். அம்மருத்துவர் கத்தியை எடுக்குமுன் குருதியைச் சோதித்தார். ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டிய தட்டணுக்கள் எழுபதாயிரமே இருந்தன. இடப்புற விலாவின்கீழ் கையை வைத்து அழுத்தியபோது மண்ணீரல் தட்டுப்பட்டது. “ஐயா, இது மூலமாக இராது, அறுத்தால் ஆபத்து” என்று சொல்லி, நகரத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அங்கே எண்டாஸ்கோப்பு என்னும் அகநோக்கிக் குழாயால் பார்த்தபோது, மலக்குடலின் உட்புறம் விரல் தடிமனில் நீலச் சிரைகள் நெளிந்து கிடந்தன. கல்லீரல் ஏற்கெனவே இறுகிப்போயிருந்தது.

மூலமும் மலக்குடற் புடைசிரையும் ஒன்றல்ல. மூலம் மலவாயை ஒட்டி இயல்பாகவே அமைந்துள்ள குருதி மெத்தைகளின் வீக்கம். அது எவருக்கும் வரும். கல்லீரல் நோயாளருக்கு மிகுதியாக வரும் என்பதும் இல்லை. புடைசிரையோ மலவாயிலிருந்து மேலேறி மலக்குடலுள் நீண்டு செல்லும். முன்னதென்று கருதிப் பின்னதை அறுத்தால் குருதியை நிறுத்துவது அரிதாகிவிடும். ஓவிய ஆசிரியரின் உயிரைக் காத்தது ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையும், வயிற்றைத் தொட்டுப்பார்த்த ஒரு கையுமே. பின்னும் ஆறாண்டுகள் அவர் வாழ்ந்தார். ஆனால் சிரோசிஸ் என்ற சொல் வெளியே கசிந்ததும், அவர் மறைவாகக் குடித்திருப்பார் என்று ஊரார் சிலர் பேசியது அவரைக் குருதிப்போக்கினும் மிகுதியாக வருத்தியது. நோயின் பெயரைக் கேட்டு ஒழுக்கத்தை அளக்கும் இவ்வழக்கத்தால், எத்தனை பேர் மருத்துவரிடம் செல்லவே நாணுகின்றனரோ!

புற்றுநோய் முதலிய காரணங்களால் குடலின் ஒரு பகுதியை அகற்றி, எஞ்சிய குடலின் வாயை வயிற்றின் தோலில் திறந்துவைப்பது உண்டு. அத்தகையவருக்குக் கல்லீரலும் இறுகியிருந்தால், குடலின் சிரையும் தோலின் சிரையும் சந்திக்கும் அப்புதிய எல்லையில் புடைசிரை தோன்றும். திறப்பைச் சுற்றித் தோல் நீலம்பாய்ந்திருக்கும். பையை மாற்றும்போது குருதி பீறிடலாம். தூய துணியை வைத்து விரலால் உறுதியாக அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். அழுத்தியபடியே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கொப்பூழ்ச் சிரை வெடிப்பது மிக அரிது; வெடித்தால் செய்யவேண்டிய முதலுதவியும் அதுவே. முன்பு எக்காரணத்தாலோ வயிற்றில் அறுவை செய்துகொண்டவருக்குக் குடல் வயிற்றுச்சுவரோடு ஒட்டிக்கொண்ட இடத்திலும் இத்தகைய சிரைகள் வளர்வதுண்டு. இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் தோன்றுபவை மேலிருந்து பார்க்கும் குழாய்க்கு எப்போதும் எளிதிற் புலப்படுவதில்லை. நோயாளி கறுத்த மலம் கழிக்கின்றார், உணவுக்குழலில் குற்றம் ஏதும் காணவில்லை என்னும்போது, அனுபவமுள்ள மருத்துவர் இன்னும் கீழே தேடுவர்; நிறமருந்து செலுத்திச் சி.டி. படம் எடுப்பர்.

எல்லாவற்றிலும் கொடியது வயிற்றுக்குள் நிகழும் குருதிப்போக்கு. குடலைச் சூழ்ந்த வெற்றிடத்தில் ஒரு புடைசிரை வெடித்தால் வாந்தியும் இல்லை, கறுத்த மலமும் இல்லை. வயிறு திடீரென வலித்து உப்பும். நாடி விரைந்து மெலியும். உடல் குளிர்ந்து வியர்க்கும். நோயாளி மயங்கிச் சாய்வார். முன்பே மகோதரம் உள்ளவராயின், நீர்தான் பெருகிவிட்டது என்று வீட்டார் நினைப்பர். ஊசியால் வயிற்று நீரைச் சிறிது எடுத்துப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டியது செந்நிறமாக வரும். கண நேரமும் தாழ்த்தலாகாத நிலை இது.

இதற்கு நேர்மாறானது மெல்லக் கசிவது. வாயிற்சிரை அழுத்தத்தால் இரைப்பையின் உட்தோல் முழுவதும் சிவந்து, பாம்பின் செதில்போன்ற கோலம் கொண்டு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியை இழக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சோகை மட்டும் ஏறும். இரும்புச்சத்து டானிக்கு வாங்கிக் குடித்தும் தேறாத சோகைக்கு இவ்வாறு ஒரு மறைகாரணம் இருக்கலாம். இதனோடு குழப்பத்தக்க மற்றொரு நிலையும் உண்டு. இரைப்பையின் கீழ்வாயிலை நோக்கிச் செங்கோடுகள் வரிவரியாக ஓடுவதால், அதனைத் தர்பூசணி இரைப்பை என்று அழைக்கின்றனர். முன்னது அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துக்கு இணங்கும், பின்னது இணங்குவதில்லை. அதனை அகநோக்கி வழியே வெப்பத்தாற் சுட்டு அடைக்கவேண்டும். பெயர் வேடிக்கையாக இருப்பினும் வேறுபாடு வேடிக்கையன்று.

பல்லீறிலும் மூக்கிலும் குருதி கசிவது எதனால் என்று கேட்கலாம். பெருத்த மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னுள் நிறுத்திக்கொள்கின்றது; குருதியை உறையச் செய்யும் பொருள்களை ஆக்கும் கல்லீரலும் நலிந்துவிட்டது. ஆதலால் இந்நோயாளரின் குருதி உறையவே மாட்டாது என்று முன்பெல்லாம் கருதினர். இப்போது தெரியவந்திருப்பது வேறு. உறைவதைத் தடுக்கும் பொருள்களையும் அதே கல்லீரல்தான் ஆக்குகின்றது, அவையும் குறைந்துபோகின்றன. தராசின் இரு தட்டுக்களிலும் எடை குறைந்து, முள் நடுவிலேயே தள்ளாடி நிற்கின்றது. காய்ச்சலோ கிருமித்தொற்றோ சிறுநீரகக் கோளாறோ வந்தால் எப்பக்கமும் சாயும். சிலருக்கு வாயிற்சிரைக்குள்ளேயே குருதி உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. பெருங்குருதிப்போக்கோ அடக்கத்துக்கு மீறிய அழுத்தத்தால் குழாய் வெடித்து வருவது. ஆகவே குருதியை உறையச் செய்யும் பிளாஸ்மாவை மிகுதியாக ஏற்றுவதால் மட்டும் அது நிற்பதில்லை. கொள்ளளவு கூடி அழுத்தம் ஏறுவதும் உண்டு. செங்குருதி ஏற்றுவதிலும் இதே படிப்பினை. 2013இல் பார்சிலோனா நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டும் குருதி ஏற்றப்பட்டவர்கள், தாராளமாக ஏற்றப்பட்டவர்களைவிட மிகுதியாகப் பிழைத்தனர். “இன்னும் இரண்டு பாட்டில் ஏற்றக்கூடாதா?” என்று மருத்துவரை நெருக்கும் உறவினர் இதனை அறிதல் நலம்.

மருத்துவமுறைகள் வளர்ந்த கதை நீண்டது. 1950இல் செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் என்னும் இருவர் காற்றூதும் பலூன் பொருத்திய குழாயை விழுங்கச் செய்து, வெடித்த சிரையை உள்ளிருந்தே அழுத்தி நிறுத்தினர். இன்றும் வேறுவழி இல்லாத நேரத்தில் அது கைகொடுக்கின்றது. உணவுக்குழலின் புடைசிரைகளுக்குச் சிறு ரப்பர் வளையங்களை மாட்டிக் கழுத்தை நெரிப்பதுபோல் நெரித்துவிடுவதே இந்நாளில் பெருவழக்கு. இரைப்பையிலும் பிற இடங்களிலும் உள்ளவற்றுக்குள் ஒருவகைப் பசையைச் செலுத்தி அடைப்பதும் உண்டு. இதயநோய்க்கென 1960களில் வந்த புரொப்பிரனலால் என்னும் மலிவான மாத்திரை வாயிற்சிரை அழுத்தத்தையும் குறைக்கும் என்று 1980இல் பிரெஞ்சு மருத்துவர் லெப்ரெக்கும் அவர் குழுவினரும் காட்டினர். மருத்துவர் கண்காணிப்பில் அதனை உண்பவர் தாமே நிறுத்திவிடுதல் தகாது. மூட்டுவலிக்கென்று கடையிற் கேட்டு வாங்கும் வலிநீக்கி மாத்திரைகள் பலவும் இந்நோயாளருக்கு ஆகா. அவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். பல் பிடுங்கச் சென்றாலும், கண் அறுவைக்குச் சென்றாலும், மூலத்துக்குச் சென்றாலும், “எனக்குக் கல்லீரல் நோய் உண்டு” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுவது நன்று.

குருதிப்போக்கு நின்றபின் நோயாளி பிதற்றத் தொடங்கினால் வீட்டார் கலங்குகின்றனர். குடலில் தேங்கிய குருதியும் ஒருவகை இறைச்சியுணவே. அதிலிருந்து எழும் அம்மோனியாவைக் கல்லீரல் களையமாட்டாமல் விட, அது மூளையை எட்டி மயக்கம் தருகின்றது. அதனாலேதான் குடலைக் கழுவும் லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகும், தொற்றுத் தடுக்கும் மருந்தும் உடனே தரப்படுகின்றன.

இவ்வுண்மையை முதலில் உணர்த்தியவை நாய்கள். 1877இல் இரஷ்ய நாட்டு மருத்துவர் எக், நாய்களின் வாயிற்சிரையை இதயம் செல்லும் பெருஞ்சிரையோடு நேரே இணைத்து, குருதி கல்லீரலுக்குச் செல்லாதபடி செய்தார். எட்டு நாய்களில் ஒன்றே சில வாரங்கள் பிழைத்தது; அதுவும் ஒருநாள் ஆய்வுக்கூடத்தைவிட்டு ஓடிப்போயிற்று. பின்னர் 1893இல் பாவ்லோவும் அவர் தோழரும் அதே இணைப்பைச் செய்து பல நாய்களை வாழவைத்துப் பார்த்தனர். இறைச்சி உண்டபோது அந்நாய்கள் வெறிகொண்டன, தள்ளாடின, நினைவிழந்தன. கல்லீரலைச் சுற்றிப்போகும் குருதி நஞ்சோடு போகின்றது என்பது அப்போது விளங்கிற்று.

எக் திறந்த அதே வழியை, வயிற்றைக் கிழிக்காமல், கழுத்துச் சிரை வழியே ஊசியையும் கம்பியையும் செலுத்திக் கல்லீரலுக்குள்ளேயே ஓர் உலோகக் குழலாக அமைக்க இந்நாள் மருத்துவர் வல்லர். மலக்குடலிலும் முன்சிறுகுடலிலும் குடல்வாய்த் திறப்பிலும் மீண்டும் மீண்டும் குருதி பெருகுவோருக்கு இது பெருந்துணை. குழல் அகன்றால் அழுத்தம் நன்றாகக் குறையும், ஆனால் மயக்கம் வரும். ஒடுங்கினால் மயக்கம் குறையும், ஆனால் குருதி மீண்டும் பெருகலாம். அகலம் 8 மில்லிமீட்டரா, 10 மில்லிமீட்டரா என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே எண்ணிப்பார்த்தே முடிவு செய்கின்றனர்.